முப்பத்தேழு பெயர்களை அழித்தவள்

முப்பத்தேழு பிள்ளைகளின் இரண்டாண்டுக் குறிப்புகளை அழித்தது நான்தான். கைதவறி அல்ல. நன்றாகத் தெரிந்து, நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழித்தேன்.

அந்தப் பழியை இன்றுவரை வேறொருத்தி சுமக்கிறாள். அவள் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன்... ஆறு வருடங்களாக.

என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ.

கணபதிப் பகுதியில், பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் எட்டு வருடம் வேலை செய்தவள் நான். முப்பத்தொரு வயதில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணினிப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். ஓராண்டுப் படிப்பு, பிற்பகல் வகுப்பு. காலையில் பட்டறை, மதியம் கல்லூரி. விரலில் வார்னிஷ் வாசனையோடுதான் விசைப்பலகையைத் தொடுவேன்.

ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. எனக்குப் பக்கத்தில் நந்தினி. சோமனூரிலிருந்து பேருந்தில் வருவாள், இருபத்திரண்டு வயது. எனக்கு ஆங்கிலம் தடுமாறும், அவளுக்குச் சரளம். திரையில் வரும் பிழைச் செய்தியை அவள் படித்துச் சொல்வாள். பிழை எந்த வரியில் இருக்கிறதென்று நான் காட்டுவேன். அவளுக்கும் சேர்த்துத்தான் என் டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம் இருக்கும்.

உடன்பிறந்த தங்கை இல்லாத எனக்கு அவள் தங்கையாகத்தான் இருந்தாள். அதை நான் மிகைப்படுத்தவில்லை... அதனால்தான் வலித்தது.

கடைசிப் பருவத்தில் எல்லோரும் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். நாங்கள் இருவரும் பத்மா டீச்சரின் பயிற்சி மையத்துக்காகச் செய்தோம். பேச்சு வராத, நடை தாமதமான குழந்தைகளுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நாளில் சுவரைப் பிடித்து நின்றது, எந்த ஒலியை முதலில் எழுப்பியது என்று டீச்சர் நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். அதையெல்லாம் கணினியில் ஏற்றி, எங்கிருந்தும் இணையத்தில் திறந்து பார்க்கும்படி ஒரு மென்பொருள் எழுதினோம்.

திரைகளை அழகாக அமைத்தது நந்தினி. உள்ளே ஓடும் நிரல் முழுக்க என்னுடையது. இரண்டு வருட நோட்டுகளைத் தட்டெழுதியதும் நான்தான்.

“இனி நோட்டு வேண்டாங்க டீச்சர், எல்லாம் உள்ளே ஏறிருச்சுங்க” என்றேன். அவர் அத்தனை நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

செயல்திட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அறிக்கையை பைண்டிங் செய்து வாங்கி வரும் பொறுப்பு நந்தினியுடையது. வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் கையில் அதைப் பார்த்தேன். அட்டையில் தங்க எழுத்தில் ஒரே ஒரு பெயர். அவள் பெயர்.

தேர்வாளர் என்னைப் பார்த்து, “நீங்க டேட்டா என்ட்ரி மட்டும் பண்ணுனீங்களாம்மா?” என்று கேட்டார்.

நந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமாங்க சார்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் ஆங்கிலத்தில் மேலும் கேட்டுவிடுவாரோ என்ற பயமா? அவளே நிமிர்ந்து உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேனா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏன் கண்ணு இப்படிச் செஞ்சே?”

அவள் அழவில்லை. “அக்கா, இந்த புராஜெக்ட்டைச் செஞ்ச ஒருத்தருக்குத்தான் மையத்துல வேலை தருவாங்களாமுங்க. உங்களுக்கு ஊட்டுக்காரரு லேத்துப் பட்டறை வெச்சிருக்காரு. எங்கூட்ல சம்பாதிக்க நான் மட்டுந்தானுங்க. எனக்கு இந்த வேலை வேணுமுங்க அக்கா.”

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்! அதுதான் என்னால் தாங்க முடியாதது. அந்த வேலையை மட்டுமல்ல, அட்டையில் முதல் பெயராக அவள் பெயரையே போடச் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

அவள் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். மதியம் சாப்பிட்டுவிட்டு என் கணவர் பட்டறைக்குத் திரும்பியிருந்தார். வீட்டிலிருந்த பழைய கணினியில் மையத்தின் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டை அவள் மாற்றியிருக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கையோ, அவ்வளவு அலட்சியமோ.

ஒரு பிள்ளையின் குறிப்பை அழிக்க முயன்றால், அந்தப் பிள்ளையின் பெயரைக் காட்டி “உறுதியாக அழிக்கவா?” என்று திரை கேட்கும். டீச்சர் தவறி அமுக்கிவிடக் கூடாதென்று அந்தக் கேள்வியை எழுதியவளே நான்தான்.

முப்பத்தேழு முறை கேட்டது. முப்பத்தேழு பெயர்களையும் படித்தேன். முப்பத்தேழு முறையும் ‘ஆம்’ என்றேன்.

பத்தாவது பெயரிலாவது கை நின்றிருக்கக் கூடாதா...

அன்று மாலை நந்தினி வழக்கம்போல் பென்டிரைவில் நகல் எடுத்திருக்கிறாள். நல்ல நகலின் மேல் வெற்று நகல் பதிந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் பார்த்திருக்கிறாள்.

நான்கு நாள் கழித்து பத்மா டீச்சர் என் வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை.

“அந்தப் புள்ள அழுதுட்டே நிக்குது அம்மணி. ‘நாந்தான் என்னமோ அமுக்கிப்போட்டேன் டீச்சர்’னுச்சு. இனி எப்படி வெச்சுக்கறது, அனுப்பிச்சுட்டேன். நீதான எல்லாத்தையும் தட்டுனவ, உனக்குக் கொஞ்சமாச்சும் ஞாபகம் இருக்குமில்ல? வா கண்ணு, வந்து எடுத்துக் குடு.”

“வாரேனுங்க டீச்சர்” என்றேன்.

போனேன். வேலையில் சேர்ந்தேன். தாய்மார்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்லி மறுபடி ஏற்றினேன். மருத்துவமனையில் பிள்ளைகளின் பழைய முன்னேற்றக் குறிப்பைக் கேட்டபோது டீச்சர் வெறுங்கையோடு நின்ற நாட்களையும் பார்த்தேன்.

கலாமணி என்று ஒரு தாய். அவர் மகனுக்கு ஐந்து வயது வரை பேச்சே இல்லை. என் எதிரில் அமர்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏனுங்க, என்ற பையன் மொதமொதல்ல ‘ம்மா’ன்ன தேதி அதுல இருந்துச்சுங்களே. அதைய மட்டும் எடுத்துக் குடுங்க, போதுமுங்க.”

“அதும் போயிருச்சுங்க.”

அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். “அன்னைக்கு நல்ல மழைங்க. ஐப்பசின்னு நெனைக்கறேன். ஏதோ ஒரு தேதி போட்டுக்கலாமுங்களா?”

“போட்டுக்கலாமுங்க” என்று சொல்லி ஒரு தேதியைத் தட்டினேன். பொய்த் தேதி. அது இன்னும் அந்தக் கணினியில் இருக்கிறது.

அப்போதும் நந்தினிமேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்றால் நம்புவீர்களா? எனக்கு நேர்ந்த துரோகத்தை யாரிடமாவது கொட்டியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே... அவள் செய்தது நிஜம். நான் செய்ததால் அதைச் சொல்ல வாயில்லாமல் போயிற்று.

போன மாதம் உக்கடம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவளே வந்துவிட்டாள்.

“பொள்ளாச்சியில கட்டிக் குடுத்துட்டாங்க அக்கா. அங்க ஒரு துணிக்கடையில இருக்கறேனுங்க. பில்லு போடச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். கம்ப்யூட்டரைத் தொட்டா மறுக்கா எதாச்சும் அழிஞ்சு போயிருமோன்னு இருக்குதுங்க.”

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

“உங்க பேரை எடுத்தது தப்புங்க அக்கா. அந்தப் பாவந்தான் அத்தனையும் என் கையாலயே அழிஞ்சு போச்சு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னு எத்தனையோ நாள் நெனைச்சேனுங்க.”

ஆறு வருடமாக நான் கேட்க ஏங்கிய சொல் அது. அதைக் கேட்டபோது எனக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டாமா?

“அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன். விடு கண்ணு” என்றேன்.

ஆம்... நான் அவளை மன்னித்தேன்.

அவள் முகம் தெளிந்தது. “இப்பத்தானுங்க அக்கா மனசு லேசாச்சு” என்று சொல்லிப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலோரம் அமர்ந்து, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். ஓட்டுநர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடித்து, ஏறி, வண்டியைக் கிளப்பும் வரை அந்த ஜன்னலுக்குக் கீழேதான் நின்றேன்.

சொல்வதற்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.