காணாமல் போன காதுமெஷின்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் உள்ள ஒரு விடுதியில் ஒன்பது வருடமாக அறை துடைத்துவந்தாள் சரசு. காலை ஆறரைக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். பதினான்கு அறை. பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்றால் அதே பதினான்கை இரண்டு தடவை துடைக்க வேண்டும்.

போன மாசியில், எட்டாம் நம்பர் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி கிடந்தது. உள்ளே இரண்டு காதுமெஷின். மும்பையிலிருந்து மகளோடு வந்து தங்கிப்போன உமாமகேஸ்வரன் என்ற பெரியவருடையது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம், உடனே அனுப்பிவையுங்கள் என்று மகள் ஹைமவதி போனில் சொன்னாள். விடுதி உரிமையாளர் பலராமன் முந்நூறு ரூபாய் கொடுத்து சரசுவையே கூரியர் கடைக்கு அனுப்பினார்.

"இன்சூரன்ஸ் போடணும்னா நூத்துக்கு ரெண்டு ரூபாக்கா. இதுக்கு மூவாயிரத்து அறுநூறு ஆவும்" என்றான், விலையைக் கேட்ட கடைக்காரன்.

சரசு பலராமனுக்கு போன் செய்தாள்.

"அவ்ளோ ஜாஸ்தியா? ஆயிரம் ரூபா பொருள்னு எழுதிப் போட்டுட்டு வா. இத்தனை வருஷமா அனுப்புறோம், எது காணாம போச்சு?"

மதிப்பு ஆயிரம் என்று எழுதி, அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதை அவள் படிக்கவில்லை.

பார்சல் போய்ச் சேரவில்லை. பத்து நாள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அப்புறம், எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்றார்கள். வேலை முடிந்து ஓய்ந்த கால்களோடு நான்கு முறை கடைக்கு நடந்தாள்.

"ஆயிரம்னுதான எழுதியிருக்கீங்க. அதுக்கு மேல கம்பெனி பொறுப்பு கிடையாதுக்கா. பின்னாடியே போட்டிருக்கு பாருங்க."

விடுதிக்கு வந்து அதைச் சொன்னபோது பலராமன் தலை நிமிரவில்லை. "கையெழுத்து உன்னுது. நீ இன்னா எழுதினன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல நீங்கதான சொன்னீங்க." ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். சண்டை போடத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் ஹைமவதியே அவளை போனில் கூப்பிட்டாள். "நீங்க எடுத்திருப்பீங்கன்னு உங்க முதலாளி சொல்றார். எனக்கு நம்பிக்கை இல்ல. என்னதான் நடந்தது?"

மொட்டைமாடியில் ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள் சரசு. "படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்புதாம்மா."



"அப்பா இப்பல்லாம் பேசறதையே விட்டுட்டார். பதில் காதுல விழாதே, அதான்" என்றாள் ஹைமவதி. "மறைக்காம சொன்னீங்களே, அது போதும்."

சித்திரையில் நஷ்டஈடு ஆயிரம் ரூபாய் சரசுவின் கணக்கில் விழுந்தது. அன்றைக்கே ஹைமவதிக்கு அனுப்பிவிட்டாள்.

வேலையை அவள் விடவில்லை. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்? அடுத்த மாதம் யாரோ விட்டுப்போன கைக்கடிகாரத்தைப் பலராமன் கவரில் போட்டு அவளிடம் நீட்டினார்.

"நீங்களே போய்ப் போடுங்க சார். நான் கையெழுத்து போடமாட்டேன்."

அவர் பைக் சாவியைத் தேடினார்.