மாமா குடிக்காத கடை

பட்டப்பகலில் குடிப்பதற்கு வடசென்னையில் சிறந்த இடங்கள் எவை என்ற விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை, அதனால் என் தீர்ப்பில் தள்ளாட்டம் இருக்காது. என் ஆராய்ச்சி முழுவதும் எட்டு வயதில், ஒரு தவக்காலத்தில், மாமாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே முடித்தது. அதற்குப் பிறகு வேறெந்தத் துறையிலும் எனக்கு இவ்வளவு புலமை வாய்க்கவில்லை.

அப்போது மதுவிலக்கு இருந்தது. மதுவிலக்கு என்றால் மது கிடைக்காது என்று நினைப்பவர்கள் ராயபுரத்தில் குடியிருந்ததில்லை. மாமா, அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எப்போதும் ராத்திரி ஷிப்ட். ஊர் பல் துலக்கும் நேரத்தில் அவருக்கு வேலை முடியும். மற்ற ஆண்களுக்குப் பொழுது சாய்ந்ததும் எழுகிற தாகம் அவருக்குக் காலைப் பூசை மணி அடிக்கும்போது எழும். அவரைப் பகல் குடிகாரன் என்று தெருவில் சொன்னது பெரிய அநியாயம். அவர் தன்னுடைய சாயங்காலத்தில்தான் குடித்தார். சூரியன் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் அம்மாவுக்கும் எனக்கும் மாமாவின் சம்பளம்தான் சோறு. அந்த வருஷம் மாமாவுக்கு டோல்கேட் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாடி வைத்த சொந்த வீடு. மாப்பிள்ளையோடு அவருடைய அக்காவும் அக்கா பெண்ணும் வந்து மாடியில் இருந்துகொள்வார்கள் என்று சொன்னபோது, அந்த வீட்டார் முகம் சுளிக்காமல் தலையாட்டினார்கள். அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாமாவின் கல்யாணத்துக்குள்தான் எங்கள் இரண்டு பேருடைய கூரையும் இருந்தது.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பையன் குடிப்பதாகக் காதில் விழுகிறது, தவக்காலத்தில் எப்படியும் கல்யாணம் கிடையாது, அது முடிகிறவரை தொடாமல் இருந்து காட்டட்டும், ஈஸ்டர் கழிந்ததும் ஓலை வாசித்துவிடலாம். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் இருவர் பெயரையும் படித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். அதுதான் ஓலை. சாம்பல் புதன் அன்று, நெற்றிச் சாம்பலோடு, மாமா பீடத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா வாசலை மறித்தாள்.

"குடிக்க மாட்டேன்னுதான்க்கா சொன்னேன். போவ மாட்டேன்னு சொன்னேனா?"

ராத்திரி முழுக்கக் கண் விழித்தவனுக்கு வந்தவுடன் தூக்கம் பிடிக்காது, நாலு தோஸ்துகளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் பிடிக்கும் என்பது அவர் வாதம். அம்மா யோசித்தாள். எனக்கு அம்மை போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தது, தழும்பு மறையும்வரை பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்த என்னை அம்மா எழுப்பி, பூசைக்குப் போடும் கவுனை மாட்டி, "மாமா என்ன குடிக்கிறான்னு பாத்துக்கினு வந்து சொல்லு" என்று அனுப்பினாள். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்து, அன்று முதல் இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பகலில் குடிக்கிறவனுக்கு நிழல்தான் ஊறுகாய் என்பது மாமாவின் சித்தாந்தம். நிழல் வேண்டும், காற்று வேண்டும், வந்த வழியாகவே திரும்ப வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது. இந்த மூன்றையும் வைத்து அவர் இடங்களுக்குத் தரம் பிரித்திருந்தார்.

முதலிடத்தில் பர்மிட் துரை. ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்காரர். உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் சீட்டு வாங்கி, அரசாங்க அனுமதியோடு குடிப்பவர். அவர் வீட்டு ஹாலில் மின்விசிறி, பிரம்பு நாற்காலி, சாஸரில் வைத்த டீக் கோப்பை. கோப்பைக்குள் இருப்பது டீ அல்ல என்பதைத் தவிர எல்லாம் கண்ணியமாக இருக்கும். அன்று துரை நீட்டிய கோப்பையை மாமா வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், வெகுநேரம் முகர்ந்து, திருப்பிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பூசையில்கூட அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அடுத்தது காசிமேட்டுக் கரையில் பழுது பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்த பெரிய படகின் அடியில். உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். சரக்கு ஒருவருடைய இடுப்பில், சைக்கிள் டியூபில் இருக்கும். போலீஸ் வந்தால் ஒரு பக்கம் தவழ்ந்து வெளியேறினால் கடல், மறுபக்கம் தவழ்ந்தால் மீன் ஏலம். என் முகத்துத் தழும்பைப் பார்த்ததும் உள்ளே இருந்த ஆறேழு பேரும் இரண்டு பக்கமாகவும் தவழ்ந்து வெளியேறிவிட்டார்கள். போலீஸுக்குக்கூட அத்தனை வேகம் காட்டியிருக்க மாட்டார்கள். மாமா நிழலில் தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் மணலைக் கிளறிவிட்டு வெளியே வந்தார்.

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை. அங்கே இஞ்சி டிஞ்சர் கிடைக்கும், வயிற்று வலிக்கு. தண்டையார்பேட்டையின் திடகாத்திரமான ஆண்களுக்கெல்லாம் காலை வேளைகளில் வயிற்று வலி. அங்கே வந்ததும் மாமாவுக்கும் வலித்தது. இரண்டு பாட்டில் குடித்த பிறகுதான் முகம் தெளிந்தது. மருந்து குடிப்பதில் தப்பில்லை என்று எனக்குத் தெரியும், அம்மை போட்டபோது நானே எவ்வளவோ குடித்திருக்கிறேன்.

அங்கிருந்து எண்ணூர் பஸ் ஏறினோம். நெட்டுக்குப்பத்தில் இறங்கி மணலில் வெகுதூரம் நடந்தால், முகத்துவாரத்தை ஒட்டி ஓலைப் பந்தல் போட்ட ஒரு சுண்டக்கஞ்சிக் கடை. சோற்றைப் பானையில் நாள்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது சுண்டக்கஞ்சி. அது கஞ்சியா சாராயமா என்று அரசாங்கத்துக்கே தெளிவில்லாததால் போலீஸ் அவ்வளவாகத் தொல்லை கொடுக்காது. மாமாவின் சித்தாந்தப்படி பார்த்தால் அந்தக் கடை தேறவே தேறாது. பந்தலில் பாதிக்கு மேல் ஓட்டை. காற்று வந்தால் மணலும் கூட வரும். போக வர ஒரே வழி. வருகிறவர்கள் உப்பளத்து ஆட்களும், பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அனல் மின் நிலையத்தில் சித்தாள் வேலை செய்பவர்களும்தான். மாமா அங்கே நுழையும்போது தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார்.

கஞ்சி ஊற்றுகிற அக்கா என்னைப் பார்த்தாள். அவளாவது ஓடவில்லை.

"இன்னா, கொயந்தைய இட்டாந்துகீற?"

"கொயந்த இல்ல. இன்ஸ்பெக்டரம்மா."

"அப்ப ஸ்டேசனுக்கு மாமூல் குடுக்கணுமே" என்று சொல்லி, சட்டியிலிருந்து பொரித்த மீன் ஒன்றை எடுத்து இலையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

மாமா தனக்கு ஒரு லோட்டா கேட்டார். சத்தியம் செய்த கதையை அவள் எங்கிருந்தோ தெரிந்து வைத்திருந்தாள். சாமியிடம் சொன்னது சொன்னதுதான் என்று சொல்லி மோர் கொடுத்தாள். மாமா குடித்தார். அவள் புருஷன் வார்னிஷைக் குடித்துச் செத்தவர், அதனால் அவள் யாருக்கும் இரண்டாவது லோட்டா ஊற்றுவதில்லை என்று உப்பளத்து ஆள் ஒருவர் என்னிடம் விளக்கினார். குடியைக் கட்டுப்படுத்திக்கொண்டே குடி விற்ற ஒரே கடை அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். துரை வீட்டில் முகர்ந்தார், படகடியில் சும்மா இருந்தார், தண்டையார்பேட்டையில் மருந்து குடித்தார், நெட்டுக்குப்பத்தில் மோர் குடித்தார். மருந்து என்றதும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு தீர யோசித்து, மாமாவைக் கூப்பிட்டு, காலையில் போவதாக இருந்தால் இனிமேல் நெட்டுக்குப்பத்துக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டாள். மாமா தயங்கினார். ரொம்பத் தூரம் என்றார். அம்மா பிடிவாதமாக இருந்தாள். கடைசியில் மாமா, அக்கா பேச்சைத் தட்டாத தம்பியாக, தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

அந்தத் தவக்காலம் முழுக்க நாங்கள் நெட்டுக்குப்பம் போனோம். மாமா அங்கே கூரையின் ஓட்டையை அடைத்தார், தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், இறால் உரித்தார். அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். ராவெல்லாம் முழிச்சிட்டு வந்து வெயில்ல நிக்குதே இந்த ஜென்மம், வூட்டுக்குப் போய்த் தூங்கேன் என்பாள். தினமும் நான் மாமூல் வாங்கிக்கொண்டு, தினமும் அம்மாவிடம் அறிக்கை கொடுத்தேன்: ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அம்மா முகத்தில் சதை போட்டது. டோல்கேட் மாடியில் எந்த மூலையில் மாதா சுரூபம் வைப்பது என்பதுவரை தீர்மானித்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறுக்குச் சில நாள் முன்பு, என்னுடைய அறிக்கை வழக்கம்போல் முடிந்த பிறகு, கொசுறாகச் சொன்னேன், அந்த அக்கா திட்டினால் மாமா சிரிக்கிறார் என்று.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"சிரிக்கிறானா?"

"ம். பல்லு தெரிய."

எங்கள் வீட்டில் மாமா சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் மாமா வேலை முடிந்து வந்ததும், அம்மா வயிறு முட்டச் சோறு போட்டுத் தூங்க வைத்தாள். பூசைக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் முந்தானை போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு எண்ணூர் பஸ்ஸில் ஏறினாள். வழி நெடுக உதடு அசைந்துகொண்டே வந்தது. செபமாலை சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த அக்காவை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள் என்பது இப்போது புரிகிறது.

பந்தலில் அப்போது ஆள் இல்லை. கஞ்சிக்கார அக்கா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், யாரென்று கேட்கவில்லை. பலகையைத் துடைத்துப் போட்டாள். அம்மா உட்கார்ந்து, "ஒரு லோட்டா குடு" என்றாள்.

நான் திகைத்துப் போனேன். என் கண்காணிப்பில் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா மூச்சு விடாமல் முழுவதையும் குடித்துவிட்டு லோட்டாவை வைத்தாள்.

"உப்பு தூக்கல்."

"உப்பளத்து ஜனம் குடிக்கிறதுக்கா. அப்டித்தான் போடுவேன்."

"என் தம்பி இங்க குடிக்கிறதே இல்லியாமே."

"நான் ஊத்துறது இல்ல."

"அப்ப எதுக்கு வரான்?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"நானும் டெய்லி அதான்க்கா கேக்குறேன். டோல்கேட்ல உனக்குப் பொண்ணு பாத்துகீறாங்க, அங்க போய் நில்லுன்னு தொரத்திக்கினுதான் கீறேன். போவ மாட்டேங்குது."

அம்மா பந்தலை அண்ணாந்து பார்த்தாள். மாமா அடைத்த இடங்களில் ஓலை இன்னும் பச்சையாக இருந்தது. பந்தலை ஒட்டியிருந்த அவள் குடிசை வாசலில், தூண்டில் முள் ஒன்றில் ஒரு செபமாலை தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்:

"ஒனக்கு ஓல எந்தக் கோயில்ல வாசிக்கணும்?"

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குடிசைக்குள் போனாள். வெளியே வரவில்லை. மீன் கருக ஆரம்பித்தது. என் மாமூல் கண்ணெதிரே தீய்கிறதே என்று நான் அம்மாவின் புடவையை இழுத்தேன். அம்மா எழுந்து மீனைத் திருப்பிப் போட்டாள். அந்த நேரத்தில் உப்பளத்து ஆட்கள் இரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்க வந்து, வெள்ளைப் புடவையைக் கண்டு கன்னியாஸ்திரி என்று நினைத்தார்களோ என்னவோ, பவ்யமாகக் கஞ்சி கேட்டார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானையிலிருந்து மொண்டு ஊற்றினாள். ஒருவர் இன்னொரு லோட்டா கேட்டார். கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

டோல்கேட்காரர்களிடம் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஈஸ்டர் கழித்து மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் ஓலை வாசித்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. மாடி வீட்டை நான் மறக்கக் கொஞ்ச நாள் ஆனது.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது அன்றைக்குத் திரும்பி வந்த வழிதான். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேட்டு மணலை விட்டு, அலை காலில் படும்படி நடந்தாள். முந்தானை தலையிலிருந்து நழுவியது, இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. ஏதோ பாட்டு முணுமுணுத்தாள், கோயில் பாட்டு இல்லை. நடுவில் நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், மறுபடி நடந்தாள். ஒரே லோட்டாவில் ஏறிவிட்டது, போலீஸ் பார்த்தால் என்ன ஆகும் என்று கரையை முன்னும் பின்னும் நோட்டம் விட்டேன். அவள் கையை இறுகப் பிடித்து, நேராக நடக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே, பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். அம்மாவுக்கு அப்போது முப்பத்தோரு வயது.