வாளிக் குளிப்புக்கு ஷவர் பூட்டிய கதை

1. எல்லாம் தெரிந்த ஆள்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மெயின்டனன்ஸ் பகுதியில் பல வருடம் இருந்தேன். வெளிநாட்டுக்காரர் வரத்துக் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது, வாட்டர் ஹீட்டர் பூட்டிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினேன். இந்த வெயிலுக்குள் யாருக்கு வெந்நீர் என்று எங்கள் ஊர் நாவற்குடாவில் என்னைப் பகிடி பண்ணாதவர் இல்லை. மாரி மழை தொடங்கியதும் அவர்களே போன் எடுத்தார்கள்.

அப்படியொரு மாரியில் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் கூப்பிட்டார். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. மகளும் மருமகனும் தாய் தகப்பனும் எல்லாரும் அங்கேதான். மகள் குளிக்க ஒரு ஹீட்டர் வேண்டும், நல்லதாகப் பார்த்துப் பூட்டுங்கள் என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். வாவிப் பக்கம், நல்ல உவர். உவர்த் தண்ணீர் ஸ்டோரேஜ் ஹீட்டரின் டாங்கியை அரித்துவிடும். டாங்கிக்குப் பதிலாக அரிபடட்டும் என்று உள்ளே வைத்திருக்கும் அனோட் கம்பியை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும், நம் ஊரில் யாரும் மாற்றுவதில்லை. ஆகவே இன்ஸ்டன்ட் ஹீட்டர்தான் சரி என்றேன். டாங்கி கிடையாது, திறந்தவுடன் சூடு வரும், கரண்டும் மிச்சம். தனி வயர் இழுத்து, எர்த் பார்த்து, ட்ரிப் சுவிட்ச் போட்டு, கைஷவரோடு பூட்டினேன்.

முடிந்ததும் வீட்டின் ஹோலில் நின்று நானாவுக்கு இதையெல்லாம் வாய் ஓயாமல் விளக்கினேன். உள்ளறைத் திரைக்குப் பின்னால் பெண்கள் நிற்பது தெரிந்தது. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கூட்டியே பேசினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

2. திரைக்குக் கீழே

அந்த மாரி முடியும் முன்பே நானா மறுபடி கூப்பிட்டார். ஹீட்டரில் ஏதோ பிழை போல, ஒருவரும் பாவிப்பதாகத் தெரியவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். ஷவரின் மேல் சுற்றிவந்த பொலித்தீனே இன்னும் கழற்றப்படவில்லை. திறந்தேன், சூடு வந்தது. சாமானில் ஒரு பிழையும் இல்லை, வீட்டு ஆட்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை என்று நானாவிடம் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து நானாவின் மனைவி பேசினார்.

"மகள் பிள்ள பெத்து இரிக்கிறா, தம்பி. இல அவிச்ச தண்ணியோட கொதிதண்ணி கலந்து, வாளியில வெச்சி, இடுப்பில கோரி ஊத்தணும். உங்கட ஷவர்ல வாறது இளஞ்சூடு."

முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஆம்புளைக்கிட்ட இத எப்படிச் செல்லுற? நீங்களும் கேக்கல்ல."

தலை குனிந்தேன். திரைக்குக் கீழே அவருடைய பாதம் தெரிந்தது. கணுக்கால் வரைக்கும் மருந்துத் துணி சுற்றியிருந்தது. குசினியிலிருந்து கொதிதண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஈரமான கோடிக்குள்ளால் பாத்ரூமுக்குப் போகும்போது வழுக்கி, காலில் கொட்டிக்கொண்டாராம். கால் அவிந்த பிறகும் பானை தூக்குவதை நிறுத்தவில்லை. மகளின் குளிப்பு நிற்கக்கூடாது அல்லவா. நானாவுக்கு அவர் கால் வழுக்கியது தெரியும். பானையோடு வழுக்கியது தெரியாது. நானா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீரை ருசி பார்த்தேன், வயரை அளந்தேன், குளிக்கப் போகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஓடுகிற தண்ணீரைத்தான் சூடாக்கும். வாளி நிரம்புகிற அளவுக்குத் திறந்தால் சூடு இறங்கிவிடும். கொதிக்கிற மாதிரித் தண்ணீர் வாளிக்கு வேண்டுமென்றால் ஸ்டோரேஜ்தான். உவர் டாங்கியைத் தின்றால் தின்னட்டும், கம்பியை நானே வந்து மாற்றுவேன் என்று சொல்லி, அன்றைக்கே கழற்றி மாற்றினேன். வாளி வைக்கத் தோதாகப் பைப்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கும்போது உள்ளே வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து நானாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். ஹீட்டரின் விலையையும் லீட்டரையும் பிறகு பேசுங்கள். யார் குளிக்கிறார், எப்படிக் குளிக்கிறார் என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்காரர் வெட்கப்பட்டுப் பேசாமல் நின்றால், வீட்டுப் பெண்களிடம் கேட்டு வரச்சொல்லிக் காத்திருங்கள்.

3. நாவற்குடாவில்

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. எங்களுக்கும் மூன்று பிள்ளைகள். பிள்ளை பெற்ற நேரம் நீ எப்படிக் குளித்தாய் என்று அப்போதுதான், முதல்முறையாகக் கேட்டேன்.

"அம்மாதான் பானையில தூக்கிக்கொண்டு வந்து வார்த்தா," என்றாள். "நீங்க அப்ப பாசிக்குடாவில வெள்ளைக்காரருக்குச் சுடுதண்ணி குடுத்துக்கொண்டிருந்தீங்க."

உண்மைதான். அந்த ஹோட்டலில் இரவும் பகலும் ஒரு ரூமுக்கும் வெந்நீர் நிற்காமல் பார்த்துக்கொண்டவன் நான். நம் ஊர் வெக்கைக்கு அந்த வெள்ளைக்காரரில் பாதிப்பேர் வெந்நீர்ப் பைப்பைத் திறந்ததே இல்லை.