இன்சூரன்ஸ் இல்லாத சைக்கிள்

என் சைக்கிளின் விலையைக் கேட்டவர்கள் எல்லோரும் அடுத்ததாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மோட்டார் எங்கே இருக்கிறது? மோட்டார் கிடையாது, மிதிக்க வேண்டும் என்று சொன்னால், மிதிப்பதற்கா ஒன்றே முக்கால் லட்சம் என்று என் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். கையில் கொஞ்சம் பணமும் ரத்தத்தில் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்திருந்தன. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். எந்தச் சைக்கிள் என்று அவர் சொல்லவில்லை. திருவனந்தபுரத்துக்குப் போய், இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய ஒன்றை வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளம்புவோம். ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து மிதித்துவிட்டு, தோவாளையில் டீ குடித்துத் திரும்புவோம். அந்தக் கூட்டத்தில் ஒருவருடைய சைக்கிள் அவர் வீட்டு வராந்தாவிலிருந்தே காணாமல் போனது. அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. சைக்கிளைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். ஒன்று அது இருக்கட்டும், இல்லையென்றால் நான் இருக்கிறேன் என்றாள் என் மனைவி.

இன்சூரன்ஸ் எடுத்துவிடலாம் என்று இறங்கினேன். சைக்கிளுக்கென்று தனியாகத் தருகிறவர்கள் கேட்ட தொகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்கு எடுக்கும் இன்சூரன்சிலேயே சைக்கிளையும் சேர்த்துவிட்டால் மலிவு என்று எங்கோ படித்தேன். என் வீடு எங்கும் ஓடிவிடப் போவதில்லை, ஆனாலும் சைக்கிளுக்காக வீட்டையும் சேர்த்து இன்சூர் செய்யத் தயாரானேன். ஒவ்வொரு கம்பெனியாகப் போன் செய்தேன். முதலில் பேசிய பெண் ரிஜிஸ்டர் நம்பர் கேட்டாள். இல்லை என்றதும், அப்படியானால் இன்ஜின் நம்பர் சொல்லுங்கள் என்றாள். இன்னொருவர், எவ்வளவு விலையானாலும் சைக்கிளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் தரமாட்டோம் என்றார். மூன்றாமவர் வீட்டுக்குள் வைத்துத் திருடு போனால் மட்டும் தருவோம் என்றார். ஹாலுக்குள் சுற்றி ஓட்டவா இதை வாங்கினேன் என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் மதினியின் நினைவு வந்தது. பெரியப்பா மகனின் மனைவி அவர். அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகளின் நர்சிங் படிப்புக்காக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் ஏஜென்ட் ஆனார். பைக், கடை, கறவை மாடு என்று எதற்கும் பாலிசி பிடிப்பார். தோவாளை, பூதப்பாண்டிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸில் போய், அங்கிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சொந்தத்தில் ஒரு ஏஜென்ட் இருந்தால் கண்டும் காணாமல் ஒதுங்குவது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். நானும் இரண்டு வருடமாக ஒதுங்கிக்கொண்டிருந்தவன்தான். எனக்குத் தேவை என்று வந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

மதினி சிரிக்கவில்லை. மோட்டார் எங்கே என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். பில்லை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லி, அடியில் பொறித்திருந்த நம்பரைக் குனிந்து எழுதிக்கொண்டார். போகும்போது ஒன்று சொன்னார். மார்ச் முடிவதற்குள் அவர் இன்னும் மூன்று பாலிசி பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சியை எடுத்துவிடுவார்கள்.

"இது நடந்தா எனக்கும் ஒரு ஒதவியாக்கும் தம்பி" என்றார்.

இதற்காக மூன்று நாள் நாகர்கோவில் ஆபீசுக்கு அலைந்தார். வந்து விளக்கினார். இதை வாகனம் என்று சொன்னதுதான் தப்பாம். வீட்டுச் சாமான்களில் விலைகூடியவற்றுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பில்லோடும் நம்பரோடும் சேர்க்க வேண்டும். வெளியே ஓட்டிக்கொண்டு போகும்போது திருடு போனாலும் பணம் கிடைக்க, கூடுதலாக ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். தொகையும் நான் நினைத்ததில் பாதிதான். எல்லாவற்றையும் ஒரு தாளில் இரண்டு பக்கமும் நிறைய எழுதித் தந்தார். விலை பெரிது என்பதால் மேலிடத்து அனுமதிக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றும் சொன்னார். நான் அவருக்குக் காப்பி கொடுத்தேன். அவருடைய மூன்று நாள் அலைச்சலுக்கு நான் கொடுத்தது அந்த ஒரு காப்பிதான்.

அவர் தெரு திரும்பியிருக்க மாட்டார், நான் அதே கம்பெனியின் இணையதளத்தைத் திறந்தேன். சும்மா பார்ப்பதற்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக எடுத்தால் தள்ளுபடி என்று போட்டிருந்தது. மதினியின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் எழுதியிருந்த வார்த்தைகளை அவர் சொன்ன கட்டங்களிலேயே நிரப்பினேன். மேலிடம், கீழிடம் என்று எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. எழுநூற்றுச் சொச்சம் மிச்சம். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான். ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி என்று சொன்னவனும் என்னைப்போல் ஒரு ஆளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. சாமர்த்தியசாலி என்றுதான் என்னைப் பற்றி நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மதினி போன் செய்தார். அனுமதி வந்துவிட்டதாம், மறுநாளே விண்ணப்பப் பாரத்தோடு வருகிறாராம். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. நான் எடுத்துவிட்டேன் மதினி, மன்னியுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போதைக்கு வேண்டாம், கையில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்றேன். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டுதான் இதைச் சொன்னேன்.

மதினி விடவில்லை. "அதுக்கென்ன தம்பி, மொதல்ல பணத்த நான் கெட்டிப் போடுகேன். ஒங்க கையில வரும்போ தாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அதுவும் அவர்மேல் வந்தது. வேண்டாம் என்றால் விடுங்களேன் மதினி என்று வெடுக்கென்று சொல்லி முடித்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி தம்பி, ஆனால் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் பூதப்பாண்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை என்பதால், காலையில் கூட்டத்தோடு ஓட்டிவிட்டு, பையில் வேட்டி சட்டையோடு நேராக மண்டபத்துக்கே சைக்கிளில் போய் இறங்கினேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பத்துப் பேர் பார்க்காவிட்டால் அவ்வளவு விலைகொடுத்து வாங்கியதில் என்ன சுகம்? உடை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், நினைத்தபடியே சைக்கிளைச் சுற்றி ஆட்கள். ஒருவர் விலை கேட்டார். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதினி வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன் சைக்கிளைப் பார்த்தார். என்னைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய இப்படியா தெருவுல நிறுத்துவிய? வெலையையும் விளிச்சுச் சொல்லுதியளே."

பூட்டியிருக்கிறது என்றேன். பூட்டோடு தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் போதும் என்றார். அதன் எடை அவருக்குத் தெரியும். பாரத்தில் எழுதியவர் அவர்தானே. மண்டபத்துக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க போயி உண்ணுங்க. நான் இங்கின இருக்கேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் எழுந்திருக்கவில்லை. எவ்வளவோ சொன்னேனே தவிர, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. பாலிசி என் சட்டைப் பையிலிருந்த போனுக்குள் இருந்தது. சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

நல்ல சாப்பாடு. பருப்பு, சாம்பார், புளிசேரி என்று வரிசையாக வந்தது. அவியல் பிரமாதம். ஏதாவது ஒன்று வாயில் வைக்க முடியாதபடி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மதினி எங்கே என்று மனைவி கேட்டாள். வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன். சர்க்கரையை மறந்து, பிரதமன் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு இரண்டு தடவை வாங்கினேன்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மதினி தன் குடையை விரித்து சைக்கிள் சீட்டின்மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டுச் சேலையின் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். யாரும் தொடவில்லை என்றார். பாலிசி வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டேன்.

"மார்ச்சோட நிறுத்திட்டாவ தம்பி. ரெண்டு கெடச்சுது. ஒண்ணு கொறஞ்சு போச்சு."

குடையை மடக்கிக்கொண்டேதான் சொன்னார். இப்போது கோட்டாறில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாராம். வேலை ஒன்றும் பாரமில்லை, காலையிலிருந்து இரவு வரை உட்காரக் கூடாது, அது ஒன்றுதான் கஷ்டம் என்றார். பிறகு கடைசிப் பந்திக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டு உள்ளே போனார். அவர் கைகழுவி இலையில் உட்காரும் வரை வாசலில் நின்று பார்த்தேன். சாப்பிட்டு வரட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தேன். அவர் வெளியே வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் போன் செய்தார். சொல்லாமல் போய்விட்டீர்களே என்று கேட்பார் என நினைத்துப் பயந்துகொண்டேதான் எடுத்தேன். வண்டி பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். வந்துவிட்டது என்றேன். நான் எதையோ மனதில் வைத்துக் குமைவதுபோல அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"கஷ்டம் எல்லாருக்கும் உள்ளதாக்கும் தம்பி. ஒங்களுக்கும் சரியாயிரும், வெசனப்படாண்டாம்" என்றார்.

சரி மதினி என்றேன்.