இன்னும் வைக்கல

அந்த நாட்டில் பிறக்கும் பிள்ளை அந்த நாட்டுப் பிரஜை. அதைக் காட்டிப் பெற்றவர்களும் அங்கேயே தங்க மனுப் போடலாம். இந்தச் சட்டத்தைத் துப்பறிந்து சொன்னவள் தையல்காரியின் நாத்தனார்; அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். தையல்காரி ஏழு மாத வயிற்றோடு விமானம் ஏறினாள். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுக்கு விசா கிடைக்கவில்லை.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று விமான நிலைய அதிகாரி கேட்டதற்கு, நாத்தனார் பழக்கிவிட்ட அந்த ஊர் பாஷையின் நாலு வார்த்தையில், "புள்ள பெத்துக்க" என்று பட்டென்று சொன்னாள். பொய் அவளுக்கு வராது. ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்தவளிடமே, "அளவு சரிதான், நீங்கதான் பெருத்துட்டீங்க" என்பவள். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

சலவைக்கடைக்கு மேலே நாத்தனாரின் ஒற்றை அறை. கீழே இயந்திரம் சுற்றினால் மேலே கட்டில் ஆடும். சும்மா இருக்கப் பிடிக்காமல், சலவைக்கு வந்த பேன்ட்டுகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள் தையல்காரி.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி குமாஸ்தா அம்மாள் படிவத்தோடு வந்து, பிள்ளையைக் காட்டி ஏதோ கேட்டாள். அதே நேரம் போனில் புருஷன்.

"பாப்பாவுக்குப் பேரு வச்சாச்சா?"

"இன்னும் வைக்கல!" என்று அலுப்பில் கத்தினாள். குமாஸ்தா தலையாட்டி எழுதிக்கொண்டாள். காட்டிய இடத்தில் இவளும் கையெழுத்துப் போட்டாள்.

சான்றிதழ் வந்தபோது நாத்தனார் எழுத்துக்கூட்டினாள். "பேரு, இன்னும். குடும்பப் பேரு, வைக்கல." படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதடி! உடனே மாத்தணும்."

"மாத்த எட்டு மாசம் ஆகும் அண்ணி. அதுவரைக்கும் அண்ணன் மனு நகராது."

அன்றே போனில் புருஷனிடம் சொன்னாள்.

"மாத்தாத," என்றான்.

"ஏங்க, ஊரே சிரிக்குமேங்க!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். எட்டு மாசத்துல அவ எழுந்து நிக்கவே ஆரம்பிச்சுடுவா. எனக்கு அவளைக் கைக்குழந்தையா தூக்கணும்."

அவன் குரல் உடைந்ததை அவள் முதல்முறையாகக் கேட்டாள். பெயரை அப்படியே விட்டார்கள்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம், மனு தேறிப் புருஷன் வந்து சேர்ந்தான். மறுவாரமே குடியிருப்பு அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அப்பாவின் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. பிள்ளையை வாங்கப் பார்த்த தையல்காரியிடம் அவன் தரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி சான்றிதழைப் புரட்டினார். "பிள்ளையின் பெயர்?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: "இன்னும் வைக்கல."

"சரியாக இருக்கிறது," என்று அதிகாரி முத்திரையை எடுத்தார்.