மீன்மேல் பழி போடாத எங்கள் அக்கா

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சுப் போட வேண்டும் என்று அக்காவின் மகள் தேவி சொன்னாள். "மாமா, நீதான் எழுதணும்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை. அடுக்காக எழுத வராது. தெரிந்ததை எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அக்காவை எலி மாதிரி வைத்துப் புது மருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள், அதில்தான் அக்காவின் கை கால் கெட்டது என்று. சாவு வீட்டிலேயே பேசினார்கள். நான் அங்கே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடமாகத் திறக்கவில்லை. அதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

அக்கா கொட்டிவாக்கம் குப்பத்தில் பிறந்தார். எங்கள் நைனாவுக்கு முதல் பிள்ளை. நான் கடைசி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. எனக்கு ஏழு வயதில் அம்மா தவறினார். அன்று முதல் அக்காதான் சோறு போட்டார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது.

பதினெட்டில் கல்யாணம். மாமா கடலுக்குப் போகிறவர். நல்ல மனிதர். தேவிக்கு மூன்று வயதாகும்போது மாமா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அக்கா பதினாறு நாள் அழுதார். பதினேழாம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

திருவான்மியூர் மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து விற்பார். மீதியைக் கூடையில் வைத்து அடையாறு பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோவார். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி. ஐஸில் வைத்த மீனை ஐஸ் மீன் என்றே சொல்லி விற்பார். பக்கத்தில் கடை போட்ட அம்மாவுக்கு அது பொறுக்காது.

"ஏன்டி, நீ யாவாரம் பண்ண வந்தியா, கோர்ட்ல சாட்சி சொல்ல வந்தியா?"

"செவுளே சொல்லிடும்டி. அதுக்கு முன்னாடி நாம சொல்லிட்டா மரியாதை" என்பார் அக்கா.

இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அக்காவுக்கு நாற்பத்துநாலு வயது நடந்தபோது முட்டிக்கு மேலே வலி வந்தது. கூடை சுமந்த வலி என்று தைலம் தேய்த்தார். ஒரு நாள் திருவான்மியூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். விழவில்லை. காலைத் தரையில் வைத்தார். தொடை எலும்பு உடைந்தது. சத்தம் கேட்டதாகக் கண்டக்டர் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். விழுந்து உடைந்த எலும்பு இல்லை, உள்ளே கட்டி வந்து எலும்பை அரித்திருக்கிறது, அதனால் உடைந்தது என்றார். கெட்ட கட்டி. கட்டி இருந்த எலும்பை வெட்டி எடுத்து, கம்பி வைத்து, மருந்துச் சிமெண்ட் போட்டு நிறுத்தினார்கள். ஆபரேஷன் ஆன பிறகு எடுத்த படத்தையும் பார்த்தேன். எனக்குக் கம்பி தெரியும். நேராக வைத்திருந்தார்கள். சுத்தமான வேலை.

காயம் ஆறியதும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். இந்தக் கட்டிக்கு ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, கேட்குமா கேட்காதா என்று ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம், விருப்பம் இல்லை என்றால் வழக்கமான வைத்தியம் நிற்காது, நடுவில் வேண்டாம் என்றாலும் விலகலாம் என்றார். பத்துப் பதினைந்து பக்கம் காகிதம். எல்லாவற்றையும் தமிழில் படித்துக் காட்டினார். வெட்டி எடுத்த எலும்பில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

"என் எலும்ப வெச்சிகினு இன்னா பண்ணுவீங்க?" என்றார் அக்கா.

"மெல்லிசா சீவி, கண்ணாடித் தகட்டுல வெச்சுப் பார்ப்போம். பத்து வருஷம் கழிச்சும் பார்ப்போம்."

"வஞ்சிரம் துண்டு போடற மாதிரியா?"

"அதைவிட ரொம்ப மெல்லிசு."

"அப்போ உங்க கத்தி நல்ல கத்தி" என்று சொல்லிவிட்டு அக்கா கைநாட்டு வைத்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் சாட்சிக் கையெழுத்து போட்டேன்.

ஒரு நோட்டு கொடுத்தார்கள். தினமும் ஒரு கட்டம். மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், உடம்பு எப்படி, வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா. அக்காவுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் கோடம்பாக்கத்து அண்ணன் ஒருவர் பழக்கமானார். சினிமா ஸ்டூடியோவில் லைட் பிடித்தவர். அவருக்குக் கையில் கட்டி, தோளுக்குக் கீழே. அவரும் அதே மாத்திரை. அக்காவைப் பார்த்தால் போதும், "இன்னா தங்கச்சி, இன்னிக்கு இன்னா மீனு?" என்பார். "வைத்தியம் பாக்கற எடத்துல மீனு கேக்கறியே, வெக்கமா இல்ல?" என்பார் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இனி என் தவறு.

வேலை செய்கிற இடத்தில் ஒருவன், ஊருக்கு வெளியே ஓர் ஆள் எலும்புக் கட்டிக்குப் பொடி கொடுக்கிறான், மூன்று மாதத்தில் கரையும் என்றான். போனேன். பொட்டலம் கட்டிக் கொடுத்தான். என்ன பொடி என்று நான் கேட்டதற்கு, பரம்பரை ரகசியம் என்றான். காலை, மாலை தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். பத்தியம் கடுமை. மீன், கருவாடு வாசனைகூட ஆகாது. ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது, சொன்னால் மருந்து பலிக்காது என்றான்.

அக்கா பொட்டலத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். "டாக்டரம்மா ஒவ்வொரு தபாவும் கேக்கறாங்களேடா, வேற எதுனா சாப்டறியான்னு."

"சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்கக்கா. ரெண்டும் சாப்டு. எது கேட்டாலும் நமக்கு நல்லதுதான்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ ஒண்ணும் சொல்லவாணாம். நோட்டுல நான் எழுதிக்கிறேன்."

நான் பொடியைத் தேனில் குழைத்தேன். அக்கா வாயைத் திறந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. எனக்காகத்தான் சாப்பிட்டார். இது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்று மாதம். வேறு மருந்து இல்லை, வேறு மருந்து இல்லை என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினேன்.

அக்கா மீனை நிறுத்தினார். பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் சோறு தின்னாதவர். தேவி குழம்பு வைத்தால் வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாம் மாதத்தில் வாந்தி, பேதி வந்தது. பிறகு பாதம் எரிந்தது. ஈரத் துணி சுற்றினாலும் எரிந்தது. உள்ளங்கையில் தோல் தடித்துச் சொரசொரப்பானது. ஒரு நாள் டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பத்து நகத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடு. வெகு நேரம் பார்த்தார். ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுத்து அனுப்பினார்.

அடுத்த முறை போனபோது பெஞ்சில் கோடம்பாக்கத்து அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மீன் கேட்கவில்லை.

"இன்னாண்ணா, ஒரு மாதிரி கீற?"

"மாத்திரைய நிறுத்திட்டாங்க தங்கச்சி. எல்லாருக்கும். யாரோ ஒருத்தருக்குக் கை கால்லாம் கெட்டுப்போச்சாம். மாத்திரையாலயான்னு தெரியற வரைக்கும் குடுக்க மாட்டாங்களாம்." தன் கையைத் தடவிக்கொண்டார். "எனக்குச் சுருங்கிக்கினு வந்திச்சு. இல்லாங்காட்டி கையையே எடுக்கணும்னு மொதல்ல சொன்னாங்க."

அந்த ஒருத்தர் யார் என்று அவருக்குத் தெரியாது. அக்கா தன் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா காகிதத்தை வைத்துக்கொண்டு பேசினார்.

"யூரின்ல ஆர்சனிக் இருக்கு. பாஷாணம்னு சொல்வாங்களே, அது. ஆனா கடல் மீன் நிறைய சாப்பிடறவங்களுக்கும் இந்த டெஸ்ட்ல அதிகமா காட்டும். அது கெடுதல் இல்லாத வகை. நீங்க மீன் விக்கிறவங்க. தினம் சாப்பிடுவீங்க, இல்ல?"

நான் முந்திக்கொண்டேன். "மூணு வேளையும் மீனுதான் டாக்டர்."

அந்த நேரம் எனக்கு ஒன்றுதான் புரிந்தது. மீன் என்று சொன்னால் அக்காவை ஆராய்ச்சியிலிருந்து நீக்க மாட்டார்கள். அக்காவுக்கு மீதியும் புரிந்திருக்கிறது. மீன் என்றால் பாஷாணம் இல்லை என்று ஆகும். அப்போது கால் எரிவது புது மாத்திரையால்தான் என்று எழுதிவிடுவார்கள். வெளியே பெஞ்சில் இருப்பவருக்கும் மாத்திரை வராது.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மீனு மேல பழி போடாதீங்க டாக்டரம்மா. நான் மீனு தின்னு மூணு மாசம் ஆவுது."

"ஏன்?"

"பத்தியம்."

நான் அக்காவின் தோளை அழுத்தினேன். அவர் என் கையை எடுத்துக் கீழே வைத்தார். பொடியைப் பற்றி முழுதும் சொன்னார். நான் வாங்கி வந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. தானே வாங்கியதாகச் சொன்னார். அது ஒன்றுதான் அக்கா சொல்லி நான் கேட்ட பொய்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இது யார் எழுதினது?"

"நான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தனை தடவை கேட்டேன்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு, இனிமேல் அக்காவை அந்த ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ள முடியாது, புது மாத்திரை அக்காவுக்குக் கிடையாது, மற்ற வைத்தியம் நடக்கும் என்றார்.

"அவங்களுக்குக் குடுப்பீங்களா?" என்று அக்கா வாசல் பக்கம் கை காட்டினார்.

"பொடியைச் சோதிச்சுப் பார்த்து, கமிட்டியில சொல்லணும். நீங்க சொன்ன பொடிதான் காரணம்னு தெரிஞ்சா குடுப்பாங்க."

"அப்போ எழுதிக்கோங்க."

மீதி இருந்த பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் பாஷாணம் இருந்தது. நாட்டு வைத்தியத்தைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவன் கொடுத்தது வைத்தியமே இல்லை.

நோட்டைத் திருத்தச் சொன்னார்கள். புது நோட்டில் எழுதித் தருகிறேன் என்றேன். கூடாது என்றார் டாக்டரம்மா. கிழிக்கக் கூடாது, எழுத்து தெரியாதபடி கிறுக்கி மறைக்கவும் கூடாது. தவறாக எழுதியதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து போட வேண்டும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதக் கட்டம். ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்து போட்டேன்.

வெளியே வந்ததும் பெஞ்சில் இருந்த அண்ணனிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சத்தம் போடாத நைனா. நானும் ஒரு வாரம் லேகியம் தின்னேன்" என்றார்.

"போய்ச் சொல்லுண்ணா" என்றார் அக்கா.

"திட்டுவாங்க தங்கச்சி."

"திட்டட்டும். கை முக்கியமா, மானம் முக்கியமா?"

அண்ணன் எழுந்து உள்ளே போனார்.

சில வாரத்தில் மற்றவர்களுக்கு மாத்திரை திரும்பவும் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. பாஷாணம் இறங்க மருந்து கொடுத்தார்கள். கால் எரிச்சல் குறைந்தது. நகம் வளர வளர வெள்ளைக் கோடும் நுனிக்கு நகர்ந்தது. தேவி வெட்டிவிட்டாள். ஆனால் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. அந்த மாத்திரை நிற்காமல் இருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது. அது தெரியறதுக்குத்தான் ஆராய்ச்சியே" என்றார். ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை.

கடைசி மாதம் அக்கா வீட்டில் இருந்தார். மீன் குழம்பு கேட்டார். தேவி சங்கரா வைத்தாள். இரண்டு வாய்தான் இறங்கியது. "உப்பு கம்மிடி" என்றார். என்னிடம் அந்தப் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு முறை மட்டும், "சோறு துன்னியாடா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். மறுநாள் காலையில், படகுகள் கரைக்கு வருகிற நேரம், மூச்சு நின்றது.

பால் தெளிக்கப் போன நாளில் சாம்பலில் அந்தக் கம்பி கிடந்தது. வளையவில்லை. எலும்பையும் சாம்பலையும் கடலில் கரைத்தோம். கம்பியைக் கடலில் போடவில்லை. யாருடைய வலையையாவது கிழிக்கும். வீட்டில் அக்கா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஒரு துண்டு எலும்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கரைக்க வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அக்கா தெரிந்து கொடுத்தது. அங்கேயே இருக்கட்டும்.

அக்காவைக் கவனித்த டாக்டரம்மாவுக்கும், நர்ஸ்களுக்கும், காலைக் கழுவித் துடைத்த ஆயாக்களுக்கும் நன்றி. கூடை தூக்கிவிட்ட மார்க்கெட் பெண்களுக்கும், தோள் கொடுத்த குப்பத்து ஜனங்களுக்கும் நன்றி. கோடம்பாக்கத்து அண்ணன் போன மாதம் வீட்டுக்கு வந்தார். அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கையால்தான் அக்கா படத்துக்கு மாலை போட்டார்.

இந்த மலரை வாங்குகிறவர்கள் என் ஒரு சொல்லைக் கேளுங்கள். வைத்தியம் பார்க்கிறவர் கேட்டால், தின்றதைத் தின்றேன் என்று சொல்லுங்கள்.

அக்காவை ஆஸ்பத்திரி கெடுக்கவில்லை. கொடுத்தது நான். மறைத்து எழுதியதும் நான். நீங்கள் இத்தனை நாள் பேசியதன்மேல் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள். கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

அக்காவின் தம்பி