மாப்பிள்ளை தலையில் விழுந்த காட்டுப் பல்லி

எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்பிளைட வீட்டுக்கு வந்து இருக்கிறது. அதால என்னைப் பார்க்க வந்தவங்க என்ட முகத்தை விட, எனக்கெண்டு அப்பா கட்டிக்கொண்டிருந்த வீட்டைத்தான் வடிவாப் பார்த்தாங்க. யன்னல் இன்னும் பொருத்தல்ல. விறாந்தை மூலையில, வவுணதீவில எங்கட வயல் வட்டைக்கு அங்கால காட்டுக்கரையில அப்பா பொறுக்கின விறகு குவிஞ்சு கிடந்தது. அதுக்குப் பக்கத்தில கதிரை போட்டு மாப்பிள்ளையை இருத்தினம். எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடிச்சுப் போச்சு. அதை எதுக்கு மறைக்க.

கலியாண நாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கேக்க, கூரை மரத்தில இருந்து ஒரு பல்லி தொப்பெண்டு அவர்ட தலையில விழுந்து விறகுக்குள்ள ஓடிற்று.

மாப்பிள்ளைட தாய் எழும்பிட்டா. பெரியகல்லாறு மனிசி, பல்லி கத்தினா தோணியில வைச்ச காலையும் இறக்கிற குடும்பம். முதல் வேலையா மகனைத் தலை முழுகக் கிணத்தடிக்குத் துரத்தினா. மாத்துடுப்பு இல்ல, அப்பாட சாரம் ஒண்டைக் குடுத்தம். மாப்பிள்ளைட தாய்மாமன் போனில பல்லி விழும் பலனைத் தேடி, தலைக்குக் கலகம் எண்டு கிணத்தடிக்கும் கேட்க வாசிச்சார். வீடே மாப்பிள்ளை வேணாமெண்டு சொல்லுது, போவம் எண்டா தாய்.

எனக்கு வந்துதே கோபம். பார்க்க வந்த இடத்தில பொம்பிளை வாய் திறக்கக் கூடாதாம். நான் பள்ளிக்கூடத்தில விலங்கியல் படிப்பிக்கிறவள், எப்படிப் பேசாம இருக்க? அது வீட்டுப் பல்லியே இல்லை எண்டன். கண்மணி வட்டம், விரல் மெலிசு, இலங்கைக் காட்டைத் தவிர வேற எங்கயும் இல்லாத சாதி, விறகோட வந்தது. பஞ்சாங்கத்தில எழுதினது வீட்டுப் பல்லிக்கு, இதுக்கில்லை.

தாய் யோசிச்சா. "அப்ப காட்டுப் பல்லிக்குப் பலன் என்ன?"

அது விலங்கியலில இல்லை. தாய்மாமன் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தார். ஐயரும் லேசுப்பட்ட ஆளில்ல, பல்லியைக் காணாமப் பலன் சொல்லேலாது, படம் எடுத்து அனுப்புங்க எண்டார். பிறகென்ன, சம்பந்தம் பேச வந்த கூட்டம் பட்டுவேட்டியும் சீலையுமா விறகைப் பிரிச்சு மேயுது. அந்தச் சாமான் மரப்பட்டை நிறம், மூக்குக்கு முன்னால இருந்தாலும் தெரியாது. அப்பா ஒரு ஓணானைப் படமெடுத்தார். தாய்மாமனுக்குக் கட்டெறும்பு கடிச்சது. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. பல்லி அகப்படாட்டி இவர் போயிருவார்.

அந்த நேரம் பார்த்து அவர் கிணத்தடியில இருந்து வந்தார். தலையில தண்ணி சொட்டுது, அப்பாட சாரம் அவருக்கு முழங்காலோட நிக்குது. கூத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, விழுந்தது என்ட தலையில. கலகமெண்டா அந்தச் சண்டையை நானும் இவவும் பிடிச்சுக்கொள்ளுறம். நான் இந்த வீட்டுக்குத்தான் வாறன்."

பேச்சு முடியாமக் கை நனைக்கமாட்டம் எண்டு, வந்ததில இருந்து தேத்தண்ணியும் தொடாத மனிசி அவ. கையில இருந்த விறகைக் கீழ போட்டுட்டு என்ட அம்மாவைப் பார்த்தா.

"சோத்தைப் போடுங்க, சம்பந்தி."